கணக்கு வாத்தியார் பணியிடம்

தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. பெயர் கிஃபாயத்துல்லா. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாத்தியார் வேலைக்கு வந்த ஒரே ஆள். மாரடைப்பில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை முதல் பீரியடில் சாக்பீஸ் தானாக எழும்பி, வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தது. பிள்ளைகள் இரண்டு நாள் பயந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் மட்டும் பயந்தார்கள். தலைமையாசிரியர் ஜெரால்ட் நல்ல மனிதர், பொய் எழுத வராது. மாதாமாதம் அனுப்பும் காலிப் பணியிடப் படிவத்தில் ‘கணக்குப் பாடம் தடையின்றி நடக்கிறது’ என்று எழுதிவிட்டார். அதனால் வேறு யாரும் வரவில்லை.

உயிரோடிருந்தபோது ஜூன்தோறும் கேட்ட கேள்வியை அவர் இப்போதும் கேட்டார். ‘உங்களில் யார் வாத்தியாராகப் போகிறீர்கள்?’ என்று பலகையில் எழுத்து வரும். சாக்பீஸ் அந்தரத்தில் காத்திருக்கும். வெளியே தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். ஒரு கையும் உயராது. வருடத்துக்கு வருடம் எழுத்து மங்கிக்கொண்டே வந்தது.

மனைவி சாலிஹா ஒருநாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து பள்ளிக்கே வந்தார். சாயங்காலமானால் கணவரின் தலையணையில் சாக்பீஸ் தூள் படிகிறதாம்.

“நாப்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாச்சு சார். இன்னும் வேலைக்குப் போய்க்கினு வந்துகினு கீறாரு. அந்த மனுசன் எப்பதான் கண்ண மூடுவாரு?”

ஜெரால்ட் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாவம், அவர்தான் என்ன செய்வார்.

ஆசிரியர் தினத்தன்று பெரிய பிள்ளைகள் பாடம் எடுப்பதும் ஆசிரியர்கள் பெஞ்சில் உட்காருவதும் அங்கே வழக்கம். பன்னிரண்டாவது படித்த பூமிகா அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பதினோராம் வகுப்புக்குக் கணக்கெடுக்கப் போனாள். கம்பெனி வேலைக்கான விண்ணப்பம் அப்பா சுப்பிரமணியின் கையெழுத்தோடு அவள் பையில் இருந்தது. அன்று சாக்பீஸ் எழும்பவில்லை. ஆளில்லாத கடைசி பெஞ்ச் மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது. அன்புசெல்வன் என்ற பையன் முதலில் கிண்டலுக்கும் பிறகு உண்மையாகவும் “புரியல மிஸ்” என்றான். மூன்றாம் தடவை வேறு வழியில் சொல்லிக் கொடுத்தாள். அவன் முகம் தெளிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெஞ்சில் இருந்தவரால் அல்ல என்று பின்னால் அவளே சொன்னாள்.

அந்த வாரமே சாலிஹாவைத் தேடிப் போனாள்.

“நான் டீச்சருக்குப் படிக்கப் போறேம்மா. அப்பா என்னாண்ட பேசறதில்ல, பரவால்ல. ஆனா காலேஜ் சேந்து முடிக்க அஞ்சு வருசம் ஆவும். அது வரிக்கும் சார்…”

சாலிஹா தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைத் தூங்க விடுங்கள் என்று கேட்டு அலைந்த பெண்மணி அவர்.

“நீ படிம்மா. நான் அவராண்ட சொல்லிக்கிறேன்.”

பூமிகா திருவள்ளூரில் கல்லூரி முதல் வருடத்தை முடித்துவிட்டாள். இன்னும் நான்கு இருக்கிறது. பலகையில் எழுத்து இப்போது மங்குவதில்லை. சாலிஹா தினமும் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறார். நாள் முழுக்கச் சாக்பீஸ் தூள் குடித்து வரும் தொண்டை. காலையில் டம்ளர் காலியாக இருக்கிறது.