நடுப்பந்து யாருக்கு?

என்ன வேலை என்று யாராவது கேட்டால், டென்னிஸ் ஆடுகிறேன் என்பான் குங். கேட்டவர் முகத்தில் ஒரு விளக்கு எரியும். அடுத்தபடி, டபுள்ஸ் மட்டும் என்பான். "ஓ" என்பார் அவர். விளக்கு அணைந்துவிடும். கல்யாண வீட்டில் பட்டுச்சட்டை போட்டவரிடம் போய் நீங்கதானா மாப்பிள்ளை என்று கேட்டு, இல்லை, மாப்பிள்ளைத் தோழன் என்று தெரிந்ததும் வருமே, அந்த ஓ. பதினேழு வருடத்தில் முப்பத்துநாலு நாடுகளில் அதைக் கேட்டிருக்கிறான். எல்லா மொழியிலும் ஒரே எழுத்துதான்.

சிங்கிள்ஸ்காரனுக்குப் பயிற்சியாளர், உடம்பு பிடித்துவிட ஒருவர், மனசைப் பிடித்துவிட ஒருவர் என்று ஒரு பரிவாரமே உண்டு. டபுள்ஸ்காரனுக்கு இருப்பது ஒரு செல்போன். அதில் இந்த வாரம் யார் கூட்டாளி இல்லாமல் இருக்கிறான் என்று தேடுவதுதான் பாதி வேலை. குங் இதுவரை அறுபத்துமூன்று பேரோடு ஜோடி சேர்ந்திருக்கிறான். ஸ்லோவாக்கியன், கொலம்பியன், ஆடும்போது பாட்டுப் பாடும் ஒரு பிலிப்பைன்ஸ்காரன். சேருவது ஒரு குறுஞ்செய்தியில், பிரிவதும் ஒரு குறுஞ்செய்தியில். கண்ணீர் கிடையாது, ஜீவனாம்சம் கிடையாது.

இப்போது முப்பத்தெட்டு வயது. தலையில் முடி இல்லை, முழங்காலில் சத்தம் இருந்தது. மெல்போர்ன், பாரிஸ் என்று நாலு பெரிய போட்டிகளை உலகம் சொல்கிறதே, அதில் ஒன்றில்கூட அவன் காலடி வைத்ததில்லை. அங்கே நுழைய ஜோடியின் இரண்டு தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். குங்கின் கூட்டல் எப்போதும் வாசற்படியில் தடுக்கி விழுந்துவிடும்.

இந்த டிசம்பரில் சொந்த நாடான தாய்லாந்தில், நொந்தபுரி போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. ஜெயித்தால் மெல்போர்ன். தோற்றால் திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு உருவம் இருந்தது. அதன் பெயர் தான் வினிச். அந்த ஊரில் பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் 'தான்' போட வேண்டும். வினிச் விஷயத்தில் பின்னாலும் தான்தான். டயர் கம்பெனி அதிபர், போட்டிக் குழுத் தலைவர், மூன்று அறக்கட்டளைகளின் புரவலர், அறுபத்தாறு வயதில் தினமும் காலை ஆறு மணிக்கு டபுள்ஸ் ஆடுபவர். வரும் பந்தையெல்லாம் அவரே அடிப்பார். கூட்டாளி ஓரமாக நின்று கைதட்ட வேண்டும். வலையில் அடித்தால் வலையைக் குறை சொல்ல வேண்டும். முந்தைய கூட்டாளி இடுப்புவலி என்று விலகிவிட்டதால், தன் சங்கத்தில் குங்குக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கடிதம்கூடத் தயார்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காரும் மனைவி புய், ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். இந்த வருடத்தோடு சரி, மெல்போர்ன் கிடைத்தால் மெல்போர்னோடு சரி. குங் சம்மதித்திருந்தான். ஆனால் ஆறு மணிக்கு வினிச்சுக்குக் கைதட்டுவதை நினைக்கும்போதெல்லாம் அவன் செல்போனை எடுத்து இன்னொரு போட்டி இருக்கிறதா என்று தேடினான்.

அறுபத்துநான்காவது கூட்டாளியின் பெயர் துய். துய் என்றால் குண்டன். ஆள் ஓட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். பிறந்தபோது வைத்த செல்லப்பெயர், பிறகு அவன் அதைப் பின்பற்றவில்லை. கோழி வாட்டலுக்குப் பேர்போன கோன்கேனிலிருந்து வருகிறவன், தலை முழுக்க நரை. பதினேழு வருடத்தில் குங் சேர்ந்த முதல் சொந்த நாட்டுக்காரன் அவன்தான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டபுள்ஸில் எல்லாத் தகராறும் நடுவில் வரும் பந்தில்தான். இரண்டு பேருக்கும் எட்டும், இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. யாராவது ஒருவன் "என்னுது" என்று கத்தியாக வேண்டும். ஸ்லோவாக்கியன் கத்துவான். கொலம்பியன் குங்கின் பந்துக்கும் சேர்த்துக் கத்துவான். ஆனால் இரண்டு தாய்லாந்துக்காரர்கள் அருகருகே நின்றால், அவர்களுக்கு நடுவில் கிரெங்ஜாய் என்று மூன்றாவதாக ஒரு ஆள் வந்து நின்றுகொள்வார். நம் தாட்சண்யத்துக்குப் பெரியப்பா முறை. அடுத்தவருக்குச் சங்கடம் வருமே என்று தன் காலில் ஏறி நிற்கும் மோட்டார்சைக்கிளைக்கூட நகர்த்தச் சொல்ல மாட்டார்கள். அதிலும் அடுத்தவர் வயதில் மூத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நரைத்த தலையைப் பார்த்து முதல் நாளே துய்யை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான் குங். வழுக்கைத் தலையைப் பார்த்து துய்யும் குங்கை அண்ணே என்றான். பெரிய மனசு, நமக்கே மரியாதை கொடுக்கிறாரே என்று இருவரும் தனித்தனியாக நெகிழ்ந்துபோனார்கள். பப்பாளி சாலடில் கடைசி வாய் யாருக்கு என்று தீர்மானமாகாமல் தட்டு அப்படியே திரும்பிப் போன நாட்கள் உண்டு.

நாலு சுற்று வரை இது யார் கண்ணிலும் படவில்லை. இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர்கள் ஒரு ஆஸ்திரியனும் ஒரு ஜப்பான்காரனும். முதல் செட்டை குங்கும் துய்யும் ஜெயித்தார்கள். அப்புறம் ஜப்பான்காரன் எதையோ கவனித்துவிட்டான். மரியாதை என்றால் என்ன என்று தெரிந்த ஊர்க்காரன் அல்லவா. ஆஸ்திரியனின் காதில் ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு வந்த பந்தெல்லாம் நேராக நடுவில்தான் வந்தது.

"உங்களுது அண்ணே" என்பான் குங்.

"ஐயோ, உங்களுதுண்ணே" என்பான் துய்.

பந்து இருவருக்கும் நடுவே, திறந்திருக்கும் வீட்டில் பூனை போவதுபோல, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது செட் இருபத்திரண்டு நிமிடத்தில் கைவிட்டுப் போனது.

ஆளுக்கொரு செட் என்றால் டபுள்ஸில் மூன்றாவது செட் கிடையாது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. டபுள்ஸை யாரும் அதிக நேரம் பார்க்க மாட்டார்கள் என்று சம்பந்தப்பட்டவர்கள் கண்டுபிடித்ததன் பலன்.

இடைவேளையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குங் மிகுந்த பணிவோடு ஆரம்பித்தான்.

"அண்ணே, நடுவுல வர்றது உங்களுது. நீங்கதான் பெரியவரு. தயங்காம எடுத்துக்குங்க."

துய் தண்ணீர் பாட்டிலை இறக்கினான். "நான் எங்கண்ணே பெரியவன்? நான் முப்பதுல பொறந்தவன்."

அங்கே புத்த ஆண்டுக் கணக்கு. முப்பது என்றால் 2530. குங்கும் முப்பதுதான். முயல் வருடம். எந்த மாதம் என்று கேட்டான். ஏப்ரல் என்றான் துய். குங்கும் ஏப்ரல். துய் பதினாறாம் தேதி, குங் பதிமூன்றாம் தேதி. சொங்க்ரான் பண்டிகையின் முதல் நாள் தண்ணீர் ஊற்றும்போது ஒருவன் பிறந்திருக்கிறான், எல்லாரும் துணி காயப்போடும்போது இன்னொருவன்.

துய் துண்டைக் கீழே வைத்துவிட்டு முறைப்படி கை கூப்பினான். "பாத்தீங்களா, நீங்கதாண்ணே பெரியவரு."

விஷயம் தெளிவானதும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. இதுவரை துய் சந்தேகத்தோடு விட்டுக்கொடுத்தான். இப்போது ஆதாரத்தோடு விட்டுக்கொடுத்தான். குங்கின் காலடியில் வந்த பந்துக்கு மட்டுமல்ல, தன் காலடியில் வந்த பந்துக்கும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். ஆறு புள்ளிகள் முடிந்து பக்கம் மாறும்போது ஒன்றுக்கு ஐந்து. அந்த ஒன்றும் ஆஸ்திரியன் தானாக வலையில் அடித்தது.

முன்வரிசையில் தான் வினிச் கேமராவுக்கு வாகாகச் சாய்ந்து, ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குங்குக்கு அது காதில் விழவில்லை. ஆனால் அவர் கை, இல்லாத மட்டையைப் பிடித்து நடுவில் வரும் பந்தை அடித்துக் காட்டியது தெரிந்தது.

பக்கம் மாறிப் போகும் பத்து அடியில் குங் துய்யின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த அண்ணனைத் தூக்கிப் போடு. ஒரே வருஷம், ஒரே மாசம். என்னை டேய்னு கூப்பிடு."

"என்னால முடியாதுண்ணே."

"மூணு நாளுடா. மூணு நாளுல எனக்குத் தலைகூட நிக்கல."

"அம்மா திட்டுவாங்கண்ணே" என்றான் துய். முப்பத்தெட்டு வயது.

வேறு வழியில்லாமல் குங் திட்ட ஆரம்பித்தான். அடுத்த நாலு புள்ளிக்கும் இடையில், வாயை மட்டையால் மறைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் திட்டினான். துய்யின் பேக்ஹேண்ட் ஈ ஓட்டத்தான் லாயக்கு என்றான். சர்வீஸ் தபாலில் வருகிறது என்றான். துய் சிரித்துக்கொண்டே ஆமாண்ணே என்றான். மூன்றுக்கு ஏழு ஆனபோது கடைசி ஆயுதத்தை எடுத்தான். கோன்கேன் கோழி வாட்டலைவிட பாங்காக் கோழி வாட்டல்தான் உசத்தி, உங்கள் ஊரில் கோழியைக் கருக்கத்தான் தெரியும் என்றான்.

துய்யின் முகம் மாறியது.

அடுத்த பந்து நடுவில் வந்தது. குங் பழக்கதோஷத்தில் மட்டையை நீட்டினான்.

"விடுறா உடும்பே, இது என்னுது!"

பந்து இரண்டு எதிராளிகளுக்கும் நடுவே பறந்து பின்சுவரில் மோதியது. உடும்பு நம் ஊரில் ஒரு பிராணி. அந்த ஊரில் அது ஒரு பிராணியே அல்ல, வசவுகளுக்கெல்லாம் தலைமை வசவு. நேரில் ஒன்று குறுக்கே போனால்கூட வேறு பெயர் சொல்லித்தான் காட்டுவார்கள். தான் வினிச் தன்னை யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று திரும்பினார். காபி சட்டையில் கொட்டியது.

நடுவராக உட்கார்ந்திருந்த அம்மாள் வெளிநாட்டுக்காரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரி. காது சிவக்க மைக்கைப் பிடித்து, கெட்ட வார்த்தைக்காக எச்சரிக்கை கொடுத்தாள். இன்னொரு முறை அப்படி வாயைத் திறந்தால் ஒரு புள்ளி போய்விடும்.

"யாரைப் பாத்துச் சொன்னாரு?" என்று கேட்டாள், எழுதிக்கொள்ள.

"என்னைத்தான்" என்றான் குங். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாச் சொன்னாருங்க."

அதற்குப் பிறகு நடந்ததை டென்னிஸ் என்பதைவிடப் பங்காளிச் சண்டை என்பது பொருத்தம். டேய், நகரு, கண்ணு தெரியலையா, உன் வேலையப் பாரு. அச்சில் போடக்கூடிய வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கத்திக்கொண்டே நடுப்பந்துகளை அடித்து நொறுக்கினார்கள். ஜப்பான்காரன் தன் திட்டம் எங்கே கெட்டது என்று புரியாமல் ஆஸ்திரியனைப் பார்த்தான். ஆஸ்திரியனுக்கு நடப்பதே புரியவில்லை. எட்டுக்கு எட்டு. பிறகு குங்கின் சர்வீஸில் ஒன்பதுக்கு எட்டு.

கடைசிப் புள்ளிக்கு ஜப்பான்காரன் உயரமாக ஒரு பந்தைத் தூக்கினான். அது விளக்குக் கம்பம்வரை போய், யோசித்து, மிகச் சரியாக நடுவில் இறங்கியது. குங் அண்ணாந்து பின்வாங்கினான். துய்யும் பின்வாங்கினான். துய்யின் வாய் திறப்பதை குங் பார்த்தான். உதட்டின் முதல் அசைவிலேயே வரப்போவது எந்த உயிரினம் என்று தெரிந்துவிட்டது. ஒரு புள்ளி போகும். மெல்போர்ன் போகும்.

துய் வாயை மூடிக்கொண்டான். பேச வழியில்லாதவன் இடுப்பால் ஒரே இடி இடித்தான். வயதில் மூத்தவர் மூன்றடி தள்ளிப் போய் விழுந்தார். மல்லாந்து கிடந்த குங்குக்கு முதலில் வானம் தெரிந்தது, அப்புறம் ஒரு மட்டை, அப்புறம் சத்தம். பந்து எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. நரைத்த தலை ஒன்று மேலே வந்து நின்று, பயத்தோடு குனிந்து, அடிபட்டிருக்கா என்று கேட்டது. பத்துக்கு எட்டு.

பரிசளிப்பில் தான் வினிச் காபிக்கறையைக் கோப்பையால் மறைத்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் பேசினார். ஒழுக்கம், பண்பாடு, இளைய தலைமுறை, டயர். முடிவில் குங்கின் தோளில் கை போட்டு, நமது வெற்றி வீரர் திங்கட்கிழமை முதல் தன்னுடைய கூட்டாளி என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். குங் வழக்கம்போலத் தலையாட்டப் போனான். பெரிய மனிதர், மேடை, மைக். ஆனால் இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலி அவனுக்கு ஏதோ ஒரு தெம்பைக் கொடுத்தது.

"ஜனவரியில மெல்போர்ன் இருக்குங்கய்யா" என்றான் மைக்கிலேயே. "திங்கட்கிழமை வர முடியாது."

வினிச் பெருந்தன்மையாகச் சிரித்தார். மெல்போர்ன் முடிந்து வரட்டும், பிப்ரவரி வரை அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பேன் என்றார்.

"மே மாசம் பாரிஸ் வருதுங்கய்யா" என்றான் குங்.

கீழே புய் கோப்பையைப் படமெடுத்துக்கொண்டிருந்த போனை இறக்கினாள். மேடையிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டு வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாரிஸ் எப்ப வந்துச்சு? நம்ம பேச்சுல இல்லையே."

"இப்பத்தான். மைக்கைப் பிடிச்சப்ப."

அவள் சிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தது நன்றாகவே தெரிந்தது. அதோடு கொஞ்ச நேரம் போராடினாள். பிறகு, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கிறது என்று போனில் பார்க்க ஆரம்பித்தாள்.