இரண்டாயிரத்துப் பதினெட்டு வரை

கிரும் நூலகத்துக்குள் நுழையும்போதே பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். தேவை ஒரே ஒரு கையெழுத்து. அது கிடைத்துவிட்டால் திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு, செவ்வாய்க்கிழமையிலிருந்து டாக்டர் கிரும். மனைவி ஸெனாய்ட் விருந்துக்கு ஆடு சொல்லிவிட்டாள். மாமனார் வீட்டிலிருந்து பதினோரு பேர் பஸ்ஸில் இடம் பிடித்தாயிற்று. அப்படிப்பட்ட மனிதருக்குக் கால் தரையில் பாவுமா?

எங்கள் ஹவாசா நகரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இப்படி ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் ‘முதன்முதலாக’ என்று யாராவது மார்தட்டினால், அது மெய்தானா என்று நூலகம் தேடிப் பார்க்க வேண்டும். எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினோம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, கிடைத்தது எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் இட வேண்டும். அந்தத் தாளை வைத்து வேறொருவர் தேடினாலும் அதே எண்ணிக்கை வர வேண்டும். அந்த வேலைக்கு இருப்பவள் ஹிருத். கிருமோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவள். அதனாலேயே அவருக்குச் சலுகை காட்ட மாட்டாள் என்பது கிருமுக்கும் தெரியும். ஆனாலும் நப்பாசை யாரை விட்டது?

கிருமின் ஆய்வு கோச்சோ மாவைப் பற்றியது. பார்க்க வாழை மாதிரியே இருக்கும் என்செத் மரத்தின் தண்டைச் சுரண்டி, குழியில் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பார்கள். கிரும் குழியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்து இருபத்திரண்டே நாளில் புளிக்கவைத்துக் காட்டினார். இதை உலகத்தில் வேறு யாருமே செய்ததில்லை என்பதற்கு அவரிடம் நான்கு ஆண்டு ஆதாரம் இருந்தது. ஆய்வைத் தொடங்கிய அன்றே இணையத்தில் உள்ள பெரிய ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடி, அந்தத் தேடலைச் சேமித்துவைத்து, புதிதாக ஏதாவது வந்தால் தெரிவிக்கும்படி சொல்லியிருந்தார். மாதம் தவறாமல் மின்னஞ்சல் வரும். புதிதாக ஒன்றும் இல்லை. சம்பளம் வந்த செய்தியைக்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

ஹிருத் அவர் நிரப்பிக் கொண்டுவந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தேடிய சொல் என்ற இடத்தில் ‘கோச்சோ’ என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரன் கட்டுரை எழுதினால் நம் வீட்டுப் பெயரையா போடுவான் என்று கேட்டாள். அவர் சேமித்த தேடலையே திறந்து, ஆண்டுகளை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் மாற்றினாள். மரத்தின் அறிவியல் பெயரைப் போட்டாள், ஆங்கிலத்தில் அதைப் பொய்வாழை என்பார்களே அதையும் போட்டாள், என்செத்தையும் கோச்சோவையும் சேர்த்தாள். நான்குக்கும் நடுவில் ‘அல்லது’ போட்டு ஓர் அடைப்புக்குள் பூட்டினாள். புளித்தல், புளிக்கவைத்தல், புளித்த என்று எந்த உருவில் வந்தாலும் மாட்டும்படி அடிச்சொல்லை மட்டும் போட்டு நட்சத்திரக் குறி வைத்தாள். பீப்பாய், கலம், பாத்திரம் எல்லாம் இன்னொரு அடைப்பில். மூன்று அடைப்புகளையும் ‘மற்றும்’ போட்டுக் கோத்துவிட்டு விசையைத் தட்டினாள்.

பதினான்கு கட்டுரைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மண்பானை, மரத்தொட்டி, இலை சுற்றிய குழி. பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றிலும் இல்லை. கிரும் பேனாவை நீட்டினார்.

ஹிருத் வாங்கவில்லை. கடைசிக் கட்டுரையின் ஆண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் கிரும், 2018-க்கு அப்புறம் ஒருத்தர்கூட என்செத்தைத் தொடலையா? உலகமே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருச்சா?”

“2018-க்கு அப்புறம் எப்படி வரும்? இப்ப நடக்குறதே 2018தானே?”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.

எங்கள் நாட்காட்டி வெளியுலக நாட்காட்டிக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் நடக்கிறது. எங்களுக்கு 2018 என்றால் மற்றவர்களுக்கு 2026. கிருமுக்கு இது தெரியாதா என்ன, வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்கெல்லாம் போய்வந்தவர். ஆனால் அன்று தேடலைச் சேமிக்கும்போது கையில் இருந்தது துறையின் படிவம். அதில் ‘தேட வேண்டிய காலம் 2008 முதல் 2018 வரை’ என்று எங்கள் கணக்கில் அவரே எழுதியிருந்தார். அதைப் பார்த்து அப்படியே தட்டிவிட்டார். தரவுத்தளத்துக்கு எங்கள் மெஸ்கெரெம் மாதம் தெரியுமா, பதின்மூன்றாவது மாதமான பாகுமே தெரியுமா? சொன்னதைச் செய்தது. நான்கு ஆண்டுகளாக அவர் வேலியைப் போட்டுவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்.

ஹிருத் மேல் எல்லையை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். நாற்பத்தொன்று. அதில் மூன்றாவது, 2023-இல் வந்தது: மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் கோச்சோ புளிக்கவைத்தல். எழுதியவர் ஐனாலெம் என்ற பெண். தெற்கே ஒரு சிறிய வேளாண் கல்லூரி.

கிரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் முன்னால் ஆடு வந்தது, பதினோரு பேர் வந்தார்கள், ஸெனாய்ட்டின் முகம் வந்தது. பிறகு அவருக்கு வெட்கமில்லாத ஒரு யோசனையும் வந்தது.

“ஹிருத், என் தங்கமே. படிவத்துல 2018 வரைன்னுதானே இருக்கு. நீ அதுவரைக்கும் தேடினதாவே போட்டுடேன். பொய்யில்லையே?”

“பொய்யில்லதான். திங்கக்கிழமை வெளித் தேர்வாளர் போனை எடுத்து ஒரு தட்டு தட்டுவாரு. அப்ப உன் மாமனார் முன்னாடி நீ என்ன மூஞ்சிய வச்சுக்குவ?”

கிரும் பேனாவை மூடினார். அழுகை வரும்போல இருந்தது, நாற்பத்திரண்டு வயதில் நூலகத்தில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். ஹிருத்துக்கும் மனசு கேட்கவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டுரையை முழுவதும் இறக்கி அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். தலைப்பைப் பார்த்தே செத்துவிடாதே, படித்துவிட்டுச் சாகலாம் என்றாள்.

படித்தார். முதல் பக்கத்தில் முகம் சுண்டியது. மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார். ஐந்தாம் பக்கத்தில் பென்சிலைத் தேடினார். ஐனாலெம் அறுபது பீப்பாய் வைத்திருக்கிறாள், அறுபதும் பூசணம் பிடித்து வீணாகியிருக்கின்றன. காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்திருந்தாள். பீப்பாயைக் கொதிநீரில் கழுவிப் பளபளவென்று வைத்து, புது மாவை மட்டும் போட்டிருக்கிறாள். கிரும் அப்படிச் செய்யவில்லை. அவருக்கு மாவு சுரண்டிக் கொடுத்த பெண்கள் குழியிலிருந்து புளித்த பழைய மாவு ஒரு பிடி உறைபோலப் போடாமல் விடவே மாட்டோம் என்றார்கள், அவரும் சண்டை எதற்கென்று போட்டுவைத்தார். ஆய்வேட்டில் அதற்கு அரை வரிதான் கொடுத்திருந்தார்.

அந்த அரை வரிதான் தன் ஆய்வு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமைக்குள் முடியாது. வழிகாட்டியிடம் பேசி, தேர்வை ஆறு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு பிடி மாவோடும் இல்லாமலும் பீப்பாய்களை மறுபடி வைக்க வேண்டும். ஸெனாய்ட்டிடம் ஆடு வேண்டாம் என்று வேறு சொல்ல வேண்டும். ஆனாலும் ஹிருத்திடம் நீட்டிய அதே பேனாவைத் திறந்து, ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருந்த ‘முதன்முதலாக’வை அவரே அடித்தார்.

ஹிருத் புதுத் தாள் எடுத்தாள். சொற்களை எழுதினாள், இன்றைய தேதி வரை என்று வெளியுலக ஆண்டிலேயே எழுதினாள், இதே பொருளில் முன்பு வந்த ஆய்வு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தால் கிரும் கட்டுரையின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன, சண்டைக்குப் போறியா?”

“இல்ல ஹிருத். அறுபது பீப்பாயும் கெட்டுப்போயி, ஏன்னு தெரியாம மூணு வருஷமா உக்காந்திருக்கா பாவம். அது எனக்குத் தெரியும்னு இன்னைக்கே சொல்லணும்.”