சம்பளம் ஏறாமல் வந்த கதவு

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கவே வேண்டாம், மேஜையைச் சுற்றியிருக்கிற தடுப்பைப் பார்த்தால் போதும். இடுப்பளவு தடுப்பு என்றால் அடிமட்டச் சம்பளம். தோளளவு என்றால் கொஞ்சம் தேவலை. உட்கார்ந்தால் உச்சி முடி மட்டும் தெரிகிற ஆசாமி எங்கோ வீடு கட்டிக்கொண்டிருப்பார். கதவு வைத்த அறை ஆறே பேருக்குத்தான். அவர்களைக் கண்டால் மற்றவர்களுக்குக் குரல் தானாக இறங்கிவிடும்.

விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற குமாஸ்தாவுக்குப் பத்து வருடமாக இடுப்பளவுதான். மனைவியிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தால், "ஸ்கேன்ல என்ன சொன்னாங்களாம்?" என்று நாலாவது மேஜையிலிருந்து கேட்பார்கள். அப்படிப்பட்டவனைத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் மேலாளர் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், காலியாகக் கிடந்த ஏழாவது அறையைத் திறந்துவிட்டார்.

"இனிமே இது உங்க ரூம்."

"சம்பளம், சார்?"

"அது அப்படியேதான். பார்க்கலாம்."

அப்போதே அவனுக்குச் சந்தேகம். சம்பளம் ஏறாமல் எவனுக்காவது கதவு வருமா? கதவைச் சாத்தியதும் ஹாலின் இரைச்சல் பட்டென்று நின்றது. மேஜையில் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை. கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். தன்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள், அழுதால் வெளியே தெரியக்கூடாது என்றுதான் இந்த மரியாதை என்று அவனுக்கு உறைத்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். "ரூமே குடுத்துட்டாங்களாமே! அண்ணன் இப்பதான் சொன்னார். எங்கிட்ட சொல்லமாட்டீங்களா?"

அண்ணன் என்றால் அவனுடைய மச்சான். அதே ஹாலில் தோளளவு தடுப்பு. கையைக் காலைப் பிடித்து இவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர்.

பதினோரு மணிக்கு மேலாளர் ஒட்டிய கவரோடு வந்தார். முடிந்தது கதை என்று எழுந்து நின்றான். கவரில் இருந்தது அவன் பெயர் இல்லை. மச்சானின் பெயர்.

"ஆள் குறைக்கிறோம். ஹால்ல குடுத்தா கத்துவாங்க, நாலு பேர் பார்ப்பாங்க. சொந்தக்காரர் கையால குடுத்தா அடங்கிப் போயிடுவார். அவரை வரச் சொல்லியிருக்கேன்."

"சார், என்னால முடியாது சார்."

"உங்க பேருக்கும் ஒண்ணு டைப் பண்ணி என் மேஜையில வெச்சிருக்கேன். அதை எடுக்க வெச்சுடாதீங்க."

மேலாளர் கவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவன் உட்கார்ந்து கவரை மடியில் மறைத்துக்கொண்டபோது கதவு திறந்தது.

"அடேயப்பா, மாப்ள! பெரிய ஆளாயிட்டே!" என்று சிரித்துக்கொண்டே வந்த மச்சான், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? உன்னைத் தூக்கப் போறாங்களா?"

அவன் கவரை மடியில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மச்சான் திரும்பிப் போய்க் கதவை அவரே நன்றாகச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லு. எவனுக்கும் கேட்காது. நீ எதுக்கும் பயப்படாதே, நான் இருக்கேன்ல."

மடியிலிருந்து கவரை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் அவரிடம் நீட்டினான்.