தாய்மாமன் எடுத்த வகுப்பு

"இந்தப் படங்குச் சாக்க இடுப்புல சுத்திக்க. கூடையத் தலையில மாட்டிக்கிட்டு வந்து நில்லு. கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்" என்று சொல்லி, நிஷாந்தினி ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சமையலறைத் தரையில் தொப்பென்று வைத்தாள்.

பெரியாயி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கூடையைப் பார்த்தாள். புத்தம் புதுசு. வார்னிஷ் வாடை கூடப் போகவில்லை. எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் போட்டோ பிடிக்க வாடகைக்கு விடுகிற கூடை அது. அவள் வேலை செய்த தோட்டத்தில் கூடை போய் உரச் சாக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"இதெல்லாம் எதுக்கு?"

"வகுப்ப வீடியோ எடுத்து இன்டர்நெட்ல போடப் போறோம். இன்னைக்கு ஏற்றத்தாழ்வு பாடம். தோட்டத் தொழிலாளி ஒருத்தி கண்ணு முன்னாடி நின்னாத்தான் புள்ளைங்க மனசுல பதியும்னு சேர் சொல்றாரு."

அந்தச் சேர் யாரென்று சொல்ல வேண்டும். உயர்தரப் பொருளியல் என்றால் பதுளையில் எல்லாரும் விரல் நீட்டுகிற டியூஷன் மாஸ்டர் விஜேந்திரன். நிஷாந்தினியின் புருஷன். பெரியாயியின் கூடப் பிறந்த தம்பி.

இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் அந்த வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்பதுதான் பேச்சு. புருஷன் செத்து, அரிசி விலை எகிறி, தோட்டத்துச் சம்பளத்தில் அடுப்பு எரியாமல் போனபோது பெரியாயி மகள் சுபாஜினியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். படுக்கக் கொல்லைப் பக்கத்தில் ஓர் அறை உண்டு. மகளுக்கு வகுப்பு இலவசம். பதிலுக்கு இவள் சமைக்க வேண்டும், கூட்ட வேண்டும், துவைக்க வேண்டும். தெருவில் யார் கேட்டாலும் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியைச் சேர் என்று கூப்பிட வேண்டும். சுபாஜினியும் வாய் தவறிக்கூட மாமா என்று சொல்லிவிடக் கூடாது. அண்ணி என்று மரியாதையாய்க் கூப்பிட வேண்டிய நிஷாந்தினி இவளைப் பேர் சொல்லி, நீ வா போ என்றாள். கூடப் பிறந்தவளைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக்கி வைத்துக்கொண்டு, இதற்கு உதவி என்று பேர் வேறு. தூ.

தாய்மாமன் என்றால் சும்மாவா? சுபாஜினி பெரியவளானபோது குச்சு கட்டி, சீர்த் தட்டு ஏந்தி, முன்னால் வந்து நிற்க வேண்டியவன். அவனோ சீர்ச் சேலையை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினான். தோட்டத்து லய வரிசை வீட்டுக்கு வந்தால் சப்பாத்தில் சேறு ஒட்டும் பாருங்கள்.

அந்தச் சேற்றில்தான் அவனும் புரண்டு வளர்ந்தான். குடும்பத்தில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் போட்டு வேலைக்கு நின்றால்தான் லயக் காம்பிரா, அந்த ஒற்றை அறை, குடும்பத்துக்கு நிலைக்கும். அப்பன் மாடசாமி நெஞ்சு வலியில் படுத்ததும் யார் பேர் போடுவது என்று வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. பொம்பளைப் பிள்ளை பேர் போடும், ஆம்பளைப் பிள்ளை படிக்கும். அதுதான் அங்கே வழக்கம். பெரியாயியின் பள்ளிக்கூடப் பை அன்றைக்கே தம்பி தோளுக்குப் போய்விட்டது. உனக்குச் சம்மதமா என்று ஒரு நாய்கூட அவளைக் கேட்கவில்லை.

விஜேந்திரன் சமையலறைக்குள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, செண்ட் வாசனை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஏன் படிக்கலன்னு நான் கேப்பேன். எங்காளுங்களுக்குப் படிப்போட அருமை தெரியாதுங்க சேர்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"தெரியாமதான் ஒன்னையப் படிக்க வச்சமா?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு? சுபாவுக்குப் பரீட்சை கிட்ட வந்திருச்சு. இந்த வகுப்பு இல்லன்னா அவ எங்க போவா? அத நெனச்சுக்க."

சொந்த மருமகளின் படிப்பைப் பிடித்துக்கொண்டு மிரட்டுகிறானே, இவனுக்கா நான் சோறு ஊட்டினேன் என்று பெரியாயி நினைத்தாள். ஆனாலும் கையைக் கழுவிவிட்டுப் படங்கை எடுத்துச் சுற்றினாள். மகள் அந்தப் பரீட்சையில் தேறினால்தான் கொழுந்து மலையிலிருந்து தப்புவாள். அதற்காக எந்த வேஷமும் போடலாம் என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

முன் ஹால் நிறையப் பிள்ளைகள். வீடியோக்காரன் ஜன்னல் பக்கம் நின்றான். காசு கொடுக்கிறவர்களுக்குத்தான் பெஞ்சு. சுபாஜினி சமையலறைக் கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உலகத்துல பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இருந்த இடைவெளி முன்ன மாதிரி இல்ல, கொறைஞ்சுக்கிட்டு வருது" என்று விஜேந்திரன் பலகையில் ஒரு கோட்டை இறக்கிக் காட்டினான். "ஆனா பல நாடுகள்ல, நாட்டுக்குள்ளேயே மேல இருக்கிறவனுக்கும் கீழ இருக்கிறவனுக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டுப் போகுது. ஒண்ணா நின்னவங்கள்ல ஒருத்தன் ஏறிடுவான், மத்தவன் நின்ன இடத்திலேயே நிப்பான். உதாரணத்துக்கு நம்ம வீட்டுல வேலை செய்ற அம்மாவையே கூப்பிடுவோம்."

கூடையோடு வந்து நின்றவளைப் பார்த்து இரண்டொரு பிள்ளைகள் சிரித்தன. சுபாஜினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு என்னம்மா?"

ஒரே தாய் வயிற்றில் கிடந்தவன் கேட்கிறான்.

"பெரியாயிங்க, சேர்."

"ஏன் நீங்க படிக்கல?"

சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. குனிந்திருந்த மகளின் தலையைப் பார்த்தாள். எங்காளுங்களுக்கு என்று சொன்னால் அதில் அவளும் சேர்த்தி. செத்துப்போன அப்பனும் சேர்த்தி.

"தம்பி படிக்கணுமுன்னு என்னைய நிப்பாட்டிட்டாங்க. நான் தோட்டத்துல பேர் போட்டேன். அவன் படிச்சான்."

விஜேந்திரன் அவசரமாய்ப் பலகைப் பக்கம் திரும்பினான். அதற்குள் முன் பெஞ்சில் இருந்த ஹம்ஸியா, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷுக்ரியின் மகள், கையைத் தூக்கிவிட்டாள்.

"சேர், அவங்க தம்பி இப்ப என்ன செய்றாரு? அவங்களப் பாக்குறாரா? அது தெரிஞ்சாத்தானே உதாரணம் முழுசாகும்?"

நல்ல கேள்வி. வேறொரு நாளென்றால் சேர் பாராட்டியிருப்பார். இப்போது அவன் முகத்தில் வேர்த்தது. பெரியாயி வாயைத் திறப்பதைப் பார்த்ததும் முந்திக்கொண்டான்.

"அவரு இப்ப உயிரோட இல்லம்மா. பாவம், தவறிட்டாரு. அதப் பத்தி அவங்ககிட்ட கேக்க வேணாம்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அக்காளை வேலைக்காரி என்றவனுக்கு, தன்னையே பிணமாக்கிக்கொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் துரை பங்களாவிலிருந்து நம்மை மட்டமாய்ப் பார்த்தான் என்றால், அவன் எவனோ ஒருத்தன். இவனை என்னவென்று சொல்வது?

பெரியாயி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். படங்கையும் அவிழ்த்து மடித்து அதற்குள் போட்டாள்.

"எனக்கு இப்பத்தான் சேதி தெரிஞ்சுது. தம்பி செத்த சேதி கேட்டா அக்காகாரி தலையில தண்ணி ஊத்திக்கணும். நான் வர்றேங்க, சேர்."

"கேமராவ நிப்பாட்டுங்க" என்றான் விஜேந்திரன்.

அவள் வாசல் கேட்டுப் பக்கத்துக் குழாய்க்குப் போய் வாளியை நிரப்பி, பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்று தலையோடு ஊற்றிக்கொண்டாள். ஜன்னலில் முகங்கள் நெருக்கியடித்தன. ஹம்ஸியா தன் நோட்டுக் கொப்பியை மூடிவிட்டுச் சேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே சுபாஜினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"போனவரு எனக்குத் தாய்மாமன். நானும் ஊத்திக்கணும்தானேம்மா?"

"ஒன் பரீட்சை?"

"அத நான் பாத்துக்கிறேன்."

மகள் தலையில் பெரியாயியே ஊற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நிஷாந்தினி பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "என்ன கூத்து இது? மத்தியானத்துக்கு வீடியோக்காரங்களும் சாப்பிடறாங்க. சோறு யாரு ஆக்குறது?"

"எழவு விழுந்த வீட்டுல உலை வைக்க மாட்டாங்க அண்ணி" என்றாள் பெரியாயி. நிஷாந்தினி தன்னை எப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டுமோ, அப்படியே இவள் நிஷாந்தினியைக் கூப்பிட்டாள்.

கொல்லை அறையில் இருந்த துணிமணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். எதிர் வீட்டு முஹ்ஸினா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி, தெருவில் எல்லார் நல்லது கெட்டதுக்கும் முதலில் போய் நிற்கிறவள்.

"என்ன பெரியாயி, ஈரத் தலையோட எங்க போறீங்க?"

"தம்பி தவறிட்டாருங்க. தோட்டத்துக்குத்தான் போறோம்."

முஹ்ஸினா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "அல்லாவே. எந்தத் தம்பி? எங்க வச்சு?"

பெரியாயி ஈரக் கையால் விஜேந்திரனின் வீட்டைக் காட்டினாள்.

"இந்த வீட்டுச் சேர்தாங்க. என் கூடப் பொறந்தவரு. இப்பத்தான், பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே. அவரு வாயாலயே சொன்னாருங்க."