நகச்சுத்தி என்றார்கள்

2006 தீபாவளி சீசனில் பாண்டிச்செல்வியின் வலது சுட்டுவிரல் நுனி வீங்கியது. உடனே பட்டாசுக் கம்பெனியில் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். வெடிக்குத் திரி செருகுகிற விரல், மருந்து பட்டு நகச்சுத்தி வந்திருக்கிறது என்றாள் கூட வேலை பார்த்த சொர்ணலட்சுமி. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டியும் விட்டாள். பத்து நாள் பழம் மாற்றியதுதான் மிச்சம்.

சிவகாசி டாக்டரும் அதையேதான் சொன்னார். கீறிப் பார்த்தார், சீழ் இல்லை, ரத்தம்தான் வந்தது. "முன்னால ஏதாவது பெரிய நோய், ஆபரேஷன் உண்டா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"நாலு வருசத்துக்கு முன்ன மாருல ஒரு கட்டி எடுத்தாக சார். வெறும் கொழுப்புக் கட்டி," என்றாள். பக்கத்தில் புருஷன் முனியராஜ் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

வலி பொறுக்காமல் மதுரைக்குப் போனார்கள். எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பையே காணோம். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது நகச்சுத்தி இல்லம்மா. மார்புப் புற்றுநோய் விரல் வரைக்கும் வந்திருக்கு. அபூர்வமாத்தான் இப்படி வரும், டாக்டர்களே ஏமாந்துபோவாங்க. அன்னைக்கு எடுத்த கட்டிக்கு ரிசல்ட் என்ன வந்துச்சு?"

பாண்டிச்செல்வி புருஷனைப் பார்த்தாள். அந்த ரிசல்ட்டை வாங்கப் போனவன் அவன் ஒருவன்தான்.

"அப்பவே கேன்சர்னுதான் போட்டிருந்துச்சு," என்றான் தரையைப் பார்த்து. "நோய் திரும்ப வராம இருக்கக் கரண்டு, ரேடியேசன், வைக்கணும்னாக. நீ பயந்துருவேன்னு... நம்ம பொன்மணிக்கு மாப்பிள்ள வேற பாத்துக்கிட்டிருந்தோம். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"மகளுக்குத் தெரியுமா?" என்றாள் பாண்டிச்செல்வி.

அவன் ஆமென்று தலையாட்டினான். தெரியும். கல்யாணத்தன்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அந்த அழுகை அழுதாளே, பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்றல்லவா இவள் தேற்றினாள்!

அவளுக்கு நோய்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தன் உடம்பைப் பற்றித் தன் வாயாலேயே டாக்டரிடம் பொய் சொல்ல வைத்துவிட்டு, இந்த மனுசன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறான்.

"வேற எங்கயும் பரவியிருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும்," என்ற டாக்டரம்மா, சீட்டை எழுதி முனியராஜிடம் நீட்டினார். "வியாழக்கிழமை நீங்க வந்து ரிசல்ட்ட வாங்கிக்கங்க."

பாண்டிச்செல்வி கட்டுப் போட்ட கையாலேயே அதைப் பிடுங்கினாள்.

"நானே வந்து வாங்கிக்கிறேன். இப்ப இவுகள வெளிய போகச் சொல்லுங்கம்மா. எம்புட்டு நாளு இருப்பேன்னு எங்கிட்டச் சொல்லுங்க."