நாரைக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒரே பெட்டி

அருங்காட்சியகத்தில் நான் தனியாக அமைத்த முதல் காட்சி அது. நன்றாக வந்தால் வேலை நிரந்தரமாகும். ஒரே கண்ணாடிப் பெட்டிதான் கிடைத்தது. அதனால் பாடம் செய்த சதுப்புநில நாரையின் காலடியில், தீனியாகக் கம்பளித் துண்டு போட்டு, அந்துப்பூச்சியின் புழுக்களை உயிரோடு விட்டேன். அட்டையில் எழுதினேன்: 'நாரை முதுகெலும்பி, அழிந்து வருகிறது. அந்து பூச்சியினம், அதற்கு ஆபத்தில்லை.'

திறப்பு நாளன்று நாரையின் கழுத்து இறகெல்லாம் அரிக்கப்பட்டு மொட்டையாக இருந்தது. கம்பளியை ஒரு புழுவும் சீண்டவில்லை.

இயக்குநர் அட்டையையும் நாரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

நான் அட்டையைக் காட்டினேன். "அழிஞ்சு... வருது சார்."

"என் கண்ணு முன்னாடியேவா?" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உன் வேலையை நிரந்தரமாக்கறேன். முதல்ல அந்த நாரையை நிரந்தரமாக்கு, தாயே!"