டர்போ ஆறும் வரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நம்பாதவர்களுக்குச் சாட்சி சொல்ல ஒரு மேல்வரிசைப் பல்செட் இருக்கிறது. அந்தக் கறுப்பு வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள், பல்செட்காரர் நெடுஞ்சாலையில் ஏறி மிதியை ஒரே அழுத்தாக அழுத்தினார். பின் இருக்கையில் இருந்த அட்டைப்பெட்டி திறந்துகொண்டது. மறுநாள் யாரோ ஒருவர் வாயில் ஏறவேண்டிய செட் பறந்துபோய்ப் பின்கண்ணாடி ரப்பரைக் கடித்துக்கொண்டு தொங்கியது. விடுவிக்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது. கடித்த தடம் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் வார்த்துக் கொடுப்பது அவர் தொழில். வேகத்தில் ஆசைப்படுகிற ஆள் இல்லை. படியிறங்கும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்பவர். அந்த வண்டியை வாங்கியது அண்ணனுடைய நெஞ்சுக்காக. போன வருஷம் அண்ணனுக்கு முதல் தடவை வலி வந்தபோது, அப்போதிருந்த சின்னக் கார் மேம்பாலத்து ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிட்டது. அண்ணன் பின் இருக்கையில் சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி கிடந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடித்தார்கள். கடைசியில் முன்பின் தெரியாத நாலு பேர் தள்ளிவிட்டார்கள். பிழைத்ததே பெரிது, இன்னொரு தடவை இந்தத் தாமதத்தை அந்த நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பல்செட்காரர், பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல இன்ஜின் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், பெட்ரோல், காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ. இருநூற்று ஐம்பது குதிரைத் திறன். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஏழு விநாடி வேண்டாம். இதெல்லாம் அவர் மனதில் ஒட்டவில்லை. முழு இழுவிசையும் நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே கிடைத்துவிடும் என்ற இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியென்றால் ஏற்றத்தில் இருமாது. செயின் அறுமா, வால்வில் கரி படியுமா, எண்ணெய் குடிக்குமா, தண்ணீர் ஒழுகுமா என்று அவர் கேட்ட கேள்வியில் விற்பனையாளர் களைத்துப்போனார். “சார், இத ஓட்டப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?”

அண்ணன் ஆயுசு முழுக்க லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போனபின் தம்பி வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்து, தம்பிக்கு ஒன்றே ஒன்று சொன்னார்.

“டேய், டர்போ வண்டிய வெரட்டிட்டு வந்து ஒடனே அணைச்சிடாத. உள்ள அது செவக்கச் செவக்கச் சுத்திட்டு இருக்கும். எண்ணெய் நின்னுதுன்னா அங்கேயே கருகி, பேரிங் பிடிச்சுக்கும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடு. ஆறட்டும். அப்புறம் அணை.”

தம்பி அதை வேதமாக எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை இந்த இன்ஜின் நிற்கக் கூடாது. அதற்கு என்ன செய்யவும் தயார். தினமும் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசி காற்றில் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். “சோத்தையும் அங்கேயே கொண்டாந்து குடுத்துடவா?” என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

சொல்லிக் கொடுத்த அண்ணனே கேலிக்கும் தலைவர். ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டி வா வா என்பார். தம்பி ஒரு விரலைக் காட்டுவார்: ஒரு நிமிஷம். அண்ணன் கொட்டாவி விடுவார். மறுபடி ஒரு விரல். அண்ணன் காத்திருந்து காத்திருந்து கிழவராகி, கண் செருகி, நாக்கைத் தள்ளி, கண்ணாடியில் கன்னம் நசுங்கச் செத்துப்போவார். பிறகு எழுந்து மூக்கைச் சொறிவார். இந்த நாடகத்தைப் பார்த்துப் பார்த்து எதிர்வீட்டுப் பூனையும் நாக்கைத் தள்ளப் பழகிக்கொண்டது. இதற்குச் சாட்சி எதிர்வீட்டுக்காரர்.

அன்றைக்குப் பல்செட்காரர் நெடுஞ்சாலை வழியாகக் கொஞ்சம் வேகமாகவே வந்திருந்தார். அதனால் கூடக் கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று விட்டார். மனைவி கொல்லையில் வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனின் கை ஜன்னலில் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. தம்பி ஒரு விரல் காட்டினார். அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். இது புதிது. உள்ளங்கை கண்ணாடியில் விரிந்து ஒட்டி, மெல்ல மெல்லக் கீழே வழுக்கியது. வாய் திறந்திருந்தது, கன்னம் நசுங்கியிருந்தது. இன்றைக்கு அண்ணன் நடிப்பில் ஒரு படி ஏறிவிட்டார் என்று நினைத்துத் தம்பி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு விரல் காட்டினார்.

ஜன்னலில் தலை இல்லை. நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். பல்செட்காரர் பாட்டு ஒன்றை மாற்றினார். பொறுமையாக இன்ஜினை அணைத்தார். கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்தும் பார்த்தார்.

அண்ணன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் தம்பியைத் தேடிப் பிடித்தது.

“ஆறிடுச்சாடா?” என்றார்.

இன்ஜின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. விற்பனையாளர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இரண்டு சிக்னல்கள் பயந்துபோய்த் தாமாகவே பச்சைக்கு மாறின. மேம்பாலத்து ஏற்றம் இருந்ததே தெரியவில்லை. அது ஏறியது, இருமவில்லை, திணறவில்லை. பின் இருக்கையில் அண்ணன் தலையை மடியில் வைத்திருந்த மனைவி, “பேசிட்டே வாங்க, உங்க குரலக் கேட்டுட்டே வரட்டும்” என்றாள். அவர் மிதியை இன்னும் அழுத்தினார். பாலத்தின் உச்சியில் அவள் சொன்னாள், “மெதுவாவே போங்க.” அவர் மெதுவாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், முதன்முறையாக, ஓடி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தார். இறங்கிப் பின்கதவுக்கு ஓடும்போது, அணைந்த வண்டியின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. டர்போ போய்விட்டது என்று நினைத்தார். போகட்டும் என்றும் நினைத்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அண்ணனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஓடவில்லை; நடந்தார்கள்.

டர்போ போயிருக்கவில்லை. எல்லாம் முடிந்து திரும்பும்போது வண்டி ஒரே தொடுதலில் எழுந்தது. அதற்குப் பிறகு அது வாசலிலேயே நின்றது. அவர் பல் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தார். “ஓட்டலேன்னா வித்துத் தொலைங்க, கண்ணுலயே குத்துது” என்றாள் மனைவி.

ஒரு நாள் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார். மிதியைத் தரையோடு வைத்து அழுத்தினார். எங்கேயாவது ஒன்று உடையட்டும், அறுந்து தொங்கட்டும், நடுரோட்டில் புகைந்து நிற்கட்டும் என்று அழுத்தினார். எதுவும் உடையவில்லை. வாசலுக்கு வந்து நின்றபோது, பழக்கதோஷத்தில் ஒரு விரல் தானாக எழுந்துவிட்டது. ஜன்னலுக்குள் காலி நாற்காலி. கண்ணாடியில், துடைக்காமல் விட்ட கைத்தடம்.

உட்கார முடியவில்லை. கருகினால் கருகட்டும் என்று உடனே அணைத்துவிட்டு இறங்கினார். தெரு அமைதியாக இருந்தது. முன்பக்கத்திலிருந்து அதே ரீங்காரம். பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கைக்கடியில் அது பதறாமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எடுக்க மனமில்லாமல் வைத்த கையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அணைத்த பிறகும் டர்போ ஆறும் வரை குளிர்நீரைச் சுற்றிவிடுவதற்கென்றே, வண்டி வாங்கிய நாளிலிருந்தே அந்த இன்ஜினில் தனியாக, மெல்ல ரீங்கரிக்கும் ஒரு மின்சாரப் பம்பு இருக்கிறது.